அசையாத டச்பேட்டும் ஹிதாயாவின் விரலும்

என் மச்சான் ஜவ்பருக்கு,

கபுறில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதால் முதலில் என் ஸலாம். நீ பதில் சொல்வாய் என்று பள்ளியில் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக உன்னில் குறை பிடிக்க மாட்டேன். உயிரோடு இருந்தபோதும் வேலை மேசையில் குனிந்துவிட்டால் நீ யாருக்கும் பதில் சொன்னதில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஊர்ச் செய்திகளை ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். கடைத்தெருவில் புதிதாக ஒரு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பகலில் நன்றாக எரிகிறது. மருதமுனைப் பக்கமிருந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் கூடிவிட்டன, தலைக்கவசங்கள் கூடவில்லை. நம்முடைய லெப்டொப் திருத்தும் கடை திறந்துதான் இருக்கிறது. முன்பு நீ திருத்துவாய், நான் முன்மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்வேன். இப்போது இரண்டு வேலையையும் நானே செய்கிறேன். இரண்டாவதில் எனக்கிருந்த தேர்ச்சி முதலாவதில் இன்னும் வரவில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. ஒரு டச்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லெப்டொப்பில் விரலை வைத்து நகர்த்துகிற அந்தச் சதுரத் தகட்டைப் பற்றி, இந்த வயதில், நெஞ்சு படபடக்க ஒரு கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. இதைக் கேட்டுத் தூக்கம் கெடக்கூடிய ஆள் இந்தக் கரையோரத்தில் நீ ஒருவன்தான் இருந்தாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். பக்கத்தில் நின்று வாசிப்பவர்களுக்காகப் பொறுத்துக்கொள். உன் மனைவியும், என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சியுமான ஹிதாயா, டோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் பதினொரு பிள்ளைகளுக்கு லெப்டொப் வழியாகக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறாள். ஒவ்வொரு அரபு எழுத்தும் தொண்டையின் எந்த இடத்தில், நாக்கின் எந்தப் பகுதியில் பிறக்க வேண்டும் என்பதில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். அதனால் ஓதுகிற பிள்ளையின் உதட்டை விட்டு அவள் கண் நகராது. ஒரு பிள்ளையின் மைக்கைத் திறந்தால் மற்றப் பத்தும் மூடியிருக்க வேண்டும். பதினொன்றும் திறந்திருந்தால் அது வகுப்பு அல்ல, மீன் ஏலம்.

சீனி வருத்தம் அவளுடைய விரல் நுனிகளை மரக்க வைத்தது. மூட்டு வலி அழுத்தும் பலத்தை எடுத்துக்கொண்டது. அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மைக் படத்தைப் பார்த்தால் பிள்ளையின் உதட்டைப் பார்க்க முடியாது. மௌஸ் வாங்கிக் கொடுத்தோம்; அழுத்தியது தெரியாமல், திறந்த மைக்கை இன்னொரு தரம் அழுத்தித் தானே மூடினாள். அழுத்தவே வேண்டாம், தொட்டாலே போதும் என்று மாற்றி வைத்தோம். விரல் சும்மா படிந்ததையெல்லாம் லெப்டொப் கட்டளையாக எடுத்துக்கொண்டது. யாஸீன் சூறாவின் நடுவில் மூன்று பிள்ளைகள் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மூவரும் நன்றாக நடந்துகொண்டிருந்தவர்கள்.

பழைய டச்பேட்டோடு நீ மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? அது மேல் விளிம்பில் கீல் போட்ட கதவு மாதிரி. கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் அமரும். மேல்பக்கத்தை அழுத்துவது கீல் பக்கத்தில் நின்று கதவைத் தள்ளுவதற்குச் சமம். நீ யாரோ ஒருவரின் கலியாணக் கார்ட்டை வெட்டித் தகட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தாய். அழுத்துவது இலகுவானது, கூடவே அழுத்தியதை உணர்வதும் அதேயளவு குறைந்துபோனது. கடைசியில் நீயே அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாய். அவள் தலையாட்டுவாள், நீ அழுத்துவாய். மூன்று வருடம் ஹிதாயாவின் கிளிக் நீதான்.

உனக்குப் பிறகு இத்தாவில் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அந்த வகுப்புத்தான் அவளுக்கு வெளியுலகம். உன் கதிரையில் நான் போய் உட்கார்ந்தேன். அவள் தலையாட்டினாள், நான் அழுத்தினேன். அருமையாக ஓதிக்கொண்டிருந்த பிள்ளையின் சத்தம் பட்டென்று நின்றது.

"காக்கா, அது நல்லா ஓதுறா எண்டு ஆட்டின தலை. அமத்துறத்துக்கு ஆட்டினதில்ல."

"ரெண்டு ஆட்டும் ஒரே மாதிரித்தானே இரிக்கி."

"அவருக்கு வெளங்கிச்சே."

மூன்று வருடப் பழக்கத்தோடு போட்டிக்கு நிற்க என்னிடம் என்ன இருந்தது?

போன மாதம் அவள் பெற்றோர்களுக்கு அறிவித்துவிட்டாள். அடுத்த மாதத்தோடு வகுப்பை நிறுத்துகிறேன், பிள்ளைகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. நான் காரணம் கேட்டேன்.

"இன்னொராள்ட கைய நம்பி எத்தின நாளைக்குக் காக்கா?"

உன்னை மையவாடியில் வைத்துவிட்டு வந்த அன்று எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டு, ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டியை இன்னொரு தரம் நிரப்பினேன்.

செய்தியைக் கேள்விப்பட்ட டோஹாப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா, தான் பாவித்த லெப்டொப் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவர் ஒலுவிலைச் சேர்ந்த ஸாலிஹ். அந்த டச்பேட் பழையவை போல இல்லை, மிக லேசாக அமரும் என்று பிள்ளையின் வாப்பா சொல்லிவிட்டிருந்தார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

உன் வேலை மேசைக்கு மேலே சுவரில் நீ எழுதி வைத்த வாசகம் இன்னும் அழியவில்லை: முதலில் பெட்டரி, பிறகு கை. வீங்கிய பெட்டரி ஒன்று தீப்பிடித்து, ஒரு பக்கப் புருவம் இல்லாமல் நீ பெருநாள் தொழுகைக்கு வந்த வருடம் எழுதியது. அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஹிதாயாவிடம் கொடுக்க முன்னர் உள்ளே தூசு தட்டலாம் என்று லெப்டொப்பைத் திறந்தேன். பெட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். பிறகு கை வைத்தேன். டச்பேட்டை அழுத்திப் பார்த்தேன். அமரவில்லை. மேலே, கீழே, நடுவில், மூலைகளில் அழுத்தினேன். சீமெந்துத் தரையை அழுத்துவது போல இருந்தது.

நம் கரையில் டச்பேட் அமராவிட்டால் உப்புக்காற்று சுவிட்சைத் தின்றுவிட்டது என்பதே தீர்ப்பு. இது பாலைவனத்திலிருந்து வந்ததால் தீர்ப்பைச் சற்றுத் திருத்தி, மணல் போய் இறுகிவிட்டது என்று முடிவெடுத்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்து நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. என் மேசையில் அந்த டச்பேட் எழுப்பிய முதல் டிக் அதுதான்.

அந்த நேரம் பார்த்துக் காரைதீவுக் கோகிலா கடைக்குள் வந்தாள். உனக்குத் தெரிந்தவள்தான், என்னை அண்ணன் முறையில் நானா என்பவள், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்யும் இன்ஜினியர். திருத்தக் கொடுத்த சார்ஜரை எடுக்க வந்தவள் மேசையை எட்டிப் பார்த்தாள்.

"நானா, இத ஏன் நெம்புறீங்க?"

"சுவிட்ச் இறுகிப் போச்சு புள்ள. அமருதில்ல."

"எந்தச் சுவிட்ச்?"

தூக்கிக் காட்டினேன். அடியில் சுவிட்ச் என்று ஒன்றும் இல்லை. நாலு மூலைகளிலும் விரல் நக அகலத்தில் மெல்லிய பட்டைகள் நாலு ஒட்டியிருந்தன. இடது பக்கத்துக் கீழ் மூலைப் பட்டையின் குறுக்கே ஒரு வெடிப்பு.

"பெட்டரியக் கழட்டிப்போட்டா அமத்திப் பார்த்தீங்க?"

"ஓம்." சுவரைக் காட்டினேன்.

அவள் சுவரை வாசித்தாள், பட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லாயிருந்த சாமான நல்ல பழக்கத்தால உடைச்ச முதல் ஆள் நீங்களாத்தான் இருக்கும் நானா."

மச்சான், இனிமேல் வருவதைக் கவனமாகக் கேள். அந்த டச்பேட் அமர்வதே இல்லை. அமர்ந்தது என்று விரலுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். சொல்வதற்கு அதற்குக் கரண்ட் வேண்டும். பெட்டரியைக் கழற்றிவிட்டால் அது ஊமை. ஊமையைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நான் சான்றிதழ் எழுதியிருக்கிறேன்.

கோகிலா விளக்கியதை அப்படியே தருகிறேன்.

"கேஸ் அடுப்புப் பத்தவைக்கிற லைட்டர் வீட்டில இருக்குத்தானே? அமத்தினாப் பொறி வருது. அதுக்குள்ள பெட்டரி இல்ல. அப்ப கரண்ட் எங்கயிருந்து?"

எத்தனையோ வருடம் அந்த லைட்டரில் தேத்தண்ணி வைத்துக் குடித்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை. நீ கேட்டிருப்பாய்.

"உள்ளுக்கு ஒரு பீங்கான் கட்டி இருக்கு. அதில அடி விழுந்தாக் கரண்ட் பிறக்கும். பீசோ எண்டு சொல்லுற. இப்ப அதத் திருப்பிப் பாருங்க. அந்தச் சாதிப் பீங்கானுக்குக் கரண்டக் குடுத்தா அது வளையும். இந்த நாலு பட்டையும் அதுதான்."

"எவ்வளவு வளையும்?"

"ஒரு தலைமயிரிட தடிப்புக் கூட வராது."

"அப்ப விரல் எப்பிடி ஏமாறுது?"

"விரலுக்கு அளக்கத் தெரியாது நானா. திடீரெண்டு ஒரு தட்டு விழுந்தாக் காணும். அமந்திட்டு எண்டு சத்தியம் பண்ணும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீ விரல் வைத்து அழுத்தும்போது அந்தப் பீங்கானில் சொட்டுக் கரண்ட் பிறக்கிறது. அதை வைத்து, ஒருவர் அழுத்துகிறார் என்று லெப்டொப் அறிந்துகொள்கிறது. உடனே அதே பீங்கானுக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. பீங்கான் உதறி விரலில் தட்டுகிறது. காதும் அதுவே, வாயும் அதுவே. போனுக்குள் சுழலுகிற மோட்டர் மாதிரி நின்று நிதானித்து உறுமுவதில்லை. நினைத்த கணத்தில் ஒரு தட்டு, அடுத்த கணத்தில் நிசப்தம். மொத்தத் தடிப்பு ஒரு விசிட்டிங் கார்ட் அளவு இருக்குமோ என்னவோ.

நம்பாமல், வெடித்த பட்டையில் உதிர்ந்த ஒரு துண்டை எடுத்து, கரண்ட் அளக்கும் உன் பழைய முள் மீட்டரின் வயர்களை இரண்டு பக்கமும் வைத்து, நகத்தால் அழுத்தினேன். முள் துள்ளியது. விட்டேன். மறுபக்கம் துள்ளியது. கோகிலா தானும் செய்து பார்க்க வேண்டும் என்றாள். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வளர்ந்தவர்கள் மாறி மாறி அழுத்தினோம். எனக்குப் பள்ளியில் அஸர் ஜமாஅத் தொழுகை தப்பியது. கோகிலா சார்ஜரை எடுக்காமலே போய்விட்டாள்.

நம் மாவட்டத்தில் எத்தனையோ பொத்தான்களை நான் அழுத்தியிருக்கிறேன். அலுவலகங்களில் முறைப்பாட்டுக்கென்று வைத்தவை, வீதி கடக்கவென்று வைத்தவை. எல்லாம் அழகாக உள்ளே போய் வெளியே வந்தன, ஒன்றும் நடக்கவில்லை. அசையாமல் இருந்துகொண்டு வேலையைச் செய்துகொடுக்கிற பொத்தானை இப்போதுதான் கண்டேன். இதை எந்த அலுவலகத்துக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது வேறு. வெடித்த பட்டையை மட்டும் இணைக்காமல் விட்டு, பெட்டரியை மாட்டிக் கரண்டைக் கொடுத்தபோது, செட்டிங்ஸில் இழுத்துக் கூட்டிக் குறைக்கிற இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றில் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று வைக்கலாம். மற்றதில் அது விரலில் எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று வைக்கலாம். யோசித்துப் பார். கதவோ, மணியோ, தட்டச்சுப் பொறியோ, பலமாக உணர வேண்டும் என்றால் பலமாக அழுத்த வேண்டும். உலகம் தோன்றியதிலிருந்து இவை இரண்டும் பிரியாத தம்பதி. உன் கலியாணக் கார்ட் வேலை தோற்றதும் இங்கேதான். ஒன்றைக் குறைத்தால் மற்றதும் கூடவே போனது. யாரோ ஒரு புண்ணியவான் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறான். பிரிந்ததில் இருவருக்கும் நல்ல சுகம்.

முதல் கோட்டை ஆகக் குறைவில் வைத்தேன். இரண்டாவதை ஆகக் கூட்டினேன். மூன்று மூலைகள் கிண்ணென்று பேசின. இடது கீழ் மூலை மட்டும் பேசவில்லை. சுட்டுவிரல் வைத்து அழுத்தினால் சாம்பலில் கை வைத்தது போல இருந்தது. மரத்துப்போன விரலுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டு, சொல்லாமல் கொண்டுபோனேன்.

சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹிதாயாவின் முன் லெப்டொப்பை வைத்தேன். அவள் அதைப் பார்த்த விதம், கடைசி நேரத்தில் பெண் கேட்டு வந்தவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இன்னொண்டா? மாசம் முடியப் போகுதே காக்கா."

"ஒரு தரம் விரல வச்சுப் பாரு."

வைத்தாள். அழுத்தினாள் என்றுகூடச் சொல்ல முடியாது; விரலின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையை அல்ல.

"அமந்திட்டா?" என்று கேட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

அவள் இன்னொரு தரம் இறக்கினாள். பிறகு விரலை மேல் விளிம்புக்குக் கொண்டுபோனாள், வலது பக்கம் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். இடது பக்கம் வந்தாள். கீழே இறங்கினாள். நின்றாள்.

"இஞ்ச இல்ல."

"என்ன இல்ல?"

"மற்ற இடமெல்லாம் தட்டுது. இந்த மூலையில ஒண்டும் இல்ல. இது செத்துக் கிடக்கு."

அவள் விரல் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். அதுவேதான். நான் உடைத்த அதே பட்டை, அதே மூலை. ஆயுளில் பல தரம் பிடிபட்டிருக்கிறேன் மச்சான். பிடிபட்டு இப்படிச் சந்தோசப்பட்டதில்லை. ஒரு மூலை செத்தது தெரிகிறது என்றால் மற்றதெல்லாம் உயிரோடிருப்பது அவளுக்குத் தெரிகிறது. நாலும் நன்றாக இருந்திருந்தால், உணர்கிறேன் என்று எனக்காகச் சொல்கிறாளோ என்று ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கும்.

"என்னத்துக்குக் காக்கா சிரிக்கிறீங்க? பழுதான சாமானத் தந்துபோட்டு?"

"சும்மா."

மூன்று மணிக்கு வகுப்புத் தொடங்கியது. உன் கதிரையில் உட்கார்ந்து விரலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் தலையாட்டினாள். என் கை தானாக நீண்டது. அவள் பார்க்காமலே தன் முழங்கையால் என் கையை ஒதுக்கினாள். பிள்ளை தொடர்ந்து ஓதியது. அது நல்லா ஓதுகிறாள் என்று ஆட்டிய தலை. அடுத்த பிள்ளையின் மைக் திறந்தது, முந்தியது மூடியது. அவள் கண் உதட்டை விட்டு எடுபடவில்லை. பத்து நிமிடம் கழித்து மைக்கை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, ஒங்களுக்குக் கடையில வேல ஒண்டும் இல்லையா?"

எழுந்து போனேன். அன்று பின்னேரமே பெற்றோர்களுக்கு இன்னொரு அறிவித்தல் போயிற்று: வகுப்பு தொடர்ந்து நடக்கும், பாடத்தை வாசித்துவிட்டு வாருங்கள். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. நம்முடைய ஹிதாயாதான்.

எல்லாம் சுபம் என்று முடித்திருப்பேன். ஒரு சின்ன விசயம் மிச்சமிருக்கிறது. அந்த மூலை ஏன் அப்படி என்று அவள் மறுநாள் கேட்டாள். கொண்டுவரும்போது அடிபட்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது ஒரு சாதாரண வசனமாகத்தான் இருந்தது. ஹிதாயா அதை டோஹாவுக்கு அனுப்பினாள்: மூலை பழுதானதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நான் மன்னித்து ஹலாலாக்கிவிட்டேன் என்று. டோஹாக்காரர் பதறிப்போய் ஸாலிஹுக்குப் போன் எடுத்தார். நேற்று ஸாலிஹ் ஒலுவிலிலிருந்து கடைக்கே வந்துவிட்டார்.

"மடியிலயே வச்சுக்கொண்டு வந்தன் காக்கா. பிளேன்ல தந்த சாப்பாட்டுத் தட்டக்கூட அதுக்கு மேல வைக்கல்ல. கையிலயே ஏந்திக்கொண்டு திண்டன். நான் உடைச்சனா?"

நான் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அல்லாஹ் அறிவான் என்றேன். அந்த வசனம் பொய் இல்லை. அதனாலேயே இன்னும் மோசம். அவர் பாதித் தேத்தண்ணியில் எழும்பிப் போய்விட்டார்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை சுபஹ் தொழுதுவிட்டு முதலில் ஹிதாயாவிடம் போவேன். உடைத்தது நான் என்று, கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவள் ஏசுவாள். முழுவதையும் நின்று கேட்பேன். பிறகு பஸ் ஏறி ஒலுவிலுக்குப் போய், ஸாலிஹின் வீட்டு வாசலில் மாப்புக் கேட்பேன். மூன்று மணிக்கு முன்னர் திரும்ப முடியாமல் போகலாம். வகுப்புக்கு நான் இல்லாவிட்டால் பரவாயில்லை. இப்போது அதற்கு ஒரு கை போதும், அது அவளுடையது.

ஹிதாயாவின் காக்கா,
உன் மச்சான்
நஸீர்